மஞ்சள் கீறல்

கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் வண்டியைத் தூக்கி நிறுத்தியிருந்தார்கள். நான்கு சக்கரமும் அந்தரத்தில் தொங்கின. அடிப்பாகம் முழுக்க வெளிச்சத்தில் தெரிய, நீலச் சட்டை போட்ட இரண்டு பேர் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் விளக்கைப் பிடிக்க இன்னொருவர் கையை உள்ளே விட்டார். டாக்டர் தமயந்தி சட்டென்று பார்வையைத் திருப்பிக்கொண்டாள். முப்பத்தாறு வருஷமாகக் கையை உள்ளே விடுகிற ஆளாக இருந்துவிட்டு, வெளியே காத்திருக்கிற ஆளாக இருக்க அவளுக்குத் தெரியவில்லை. அருப்புக்கோட்டையில் அவள் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருப்பவர்கள் தியேட்டர் கதவு அசையும்போதெல்லாம் எழுந்து நிற்பார்கள். அவள் தாண்டிப்போகும்போது அவள் முகத்தில் எதையாவது படிக்க முடியுமா என்று பார்ப்பார்கள். அவள் ஒன்றும் இல்லாததுபோல முகத்தை வைத்துக்கொள்வாள். காலையில் அந்த ரிஸ்வானும் அப்படித்தான் வைத்துக்கொண்டான். இந்த மதுரை சர்வீஸ் சென்டரின் அட்வைசர். முப்பது வயது இருக்காது. டேப்லெட்டும் கையுமாக வண்டியைச் சுற்றிவந்து போட்டோ எடுத்தவன் முன்பக்கம் இடது மூலைக்கு வந்ததும் நின்றான், குனிந்தான். "இது எப்ப மேடம் ஆச்சு?" பம்பரில் ஒரு முழ நீளத்துக்குக் கீறல், ஹெட்லைட்டுக்குக் கீழே ஒரு நசுங்கல், கீறலுக்குள் அப்பிக்கிடந்த மஞ்சள் பெயிண்ட். "பார்க்கிங்ல இடிச்சிருச்சு" என்றாள். யோசிக்கவே இல்லை, வாய் தானாகச் சொல்லிவிட்டது. மாத்திரையெல்லாம் ஒழுங்காத்தான் சாப்பிட்டேன் டாக்டர் என்று கேள்வி முடியுமுன்னே சொல்கிறவர்களின் அதே வேகம். அப்படிச் சொல்கிறவர்களை அவள் நம்புவதில்லை. ரிஸ்வான் நம்பினானா தெரியவில்லை. பார்க்கிங் என்று தட்டிக்கொண்டான். எந்தப் பார்க்கிங்? அவளுக்கே தெரியாது. புதன்கிழமை காலையில் வாட்ச்மேன் சொல்லித்தான் அவளே அதைப் பார்த்தாள். பார்த்த நிமிஷத்திலிருந்து அந்த மஞ்சள் கண்ணை விட்டுப் போகவில்லை. ஐந்து நாள் ஆகிவிட்டது.

வண்டி அவளுடையது. அவள் பெயரில், அவள் சம்பாத்தியத்தில், அவளே ஷோரூமுக்கு வந்து, அடர்நீலம்தான் வேண்டும் என்று சொல்லி, மூன்று மாதம் காத்திருந்து வாங்கியது. வீட்டுக்காரர் நமச்சிவாயம் தாவரவியல் பேராசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ளாத, கற்றுக்கொள்ள விரும்பாத மனிதர். வாசலில் வந்து பார்த்துவிட்டு, "நம்ம தெருவுக்கு எதுக்கு இந்தக் கப்பல்?" என்றார். கோபமில்லை, ஆச்சரியம்தான். அவருக்கு எப்படிச் சொல்வது? கதவைச் சாத்தினால் சத்தம் அடங்கிவிடும் என்று சொன்னால் போதுமா? காடாத் துணியைக் காதில் வைத்து அடைத்ததுபோல அந்தக் கதவு மூடிக்கொள்ளும். அதற்கப்புறம் முனகல் இல்லை, ஐயோ அம்மா இல்லை, சிஸ்டர் பாக்கியத்தின் செருப்புச் சத்தம் இல்லை. சீட்டு அவள் முதுகைத் தெரிந்து வைத்திருக்கும், ஏறி உட்கார்ந்ததும் மெல்ல நகர்ந்து அவள் இடுப்புக்குச் சரியாக வந்து நிற்கும். அவள் இடுப்பு வலியைப் பற்றி உலகத்தில் வேறு யாரும் கேட்டதில்லை. இவ்வளவு வருஷத்தில் அவளுக்கென்று கதவு மூடிக்கொள்கிற ஒரு அறை கிடைத்ததென்றால் அது இதுதான். அதனால்தான் டிரைவர் வைக்கவில்லை. டிரைவர் வைத்தால் அவன் மனைவி மாசமாக இருப்பாள், அவன் தங்கைக்கு நாள் தள்ளிப்போயிருக்கும், கேட்பான். மதுரைக்கு ஐம்பது கிலோமீட்டர் போக, ஐம்பது கிலோமீட்டர் வர, யாரும் எதுவும் கேட்காத நேரம். வண்டிதான் சிலசமயம் கேட்கும். ஸ்டீயரிங் லேசாக நடுங்கும், ரோட்டுக் கோட்டைத் தாண்டுகிறாயே என்று. டணங் டணங்கென்று ஒரு மணி அடித்து, களைப்பாக இருக்கிறீர்கள், வண்டியை நிறுத்துங்கள் என்று எழுத்து வரும். களைப்பாக இருக்கிறேன் என்று இந்த வண்டிக்கு யார் சொன்னது? போன சர்வீஸின்போது ரிஸ்வானிடம் அந்தச் சத்தத்தை நிறுத்தச் சொன்னாள். "அது சேஃப்டி மேடம்" என்றான். "தெரியும்ப்பா, நிறுத்து" என்றாள்.

எதிர் சோபாவில் ஒரு பெரியவர் வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்து போனில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். ஏசி காற்று நேராக அவள் கழுத்தில் இறங்கியது. செவ்வாய்க்கிழமை. மறுபடியும் செவ்வாய்க்கிழமைக்குப் போகாதே என்று சொல்லிக்கொண்டே போனாள். திங்கள் காலையிலிருந்து தொடர்ந்து கேஸ்கள், செவ்வாய் பகல் வரை கண்மூடவில்லை. பகலில் மதுரையில் டாக்டர்கள் சங்கக் கூட்டம், போகாமல் இருந்திருக்கலாம், போனாள். மூன்று மணிக்குமேல் கிளம்பினாள். டோல்கேட் ஞாபகம் இருக்கிறது. கம்பம் தூக்கியது, பக்கத்து வரிசையில் கோழி ஏற்றிய லாரி, அந்த நாற்றம். அப்புறம் ஆஸ்பத்திரி போர்டிகோ, வாட்ச்மேன் கேட்டைத் திறந்தது. நடுவில்? நடுவில் ஒன்றுமே இல்லை. மயக்க மருந்து கொடுத்து எழுப்பினால் இப்படித்தான் இருக்கும், நேரம் வெட்டி எடுக்கப்பட்டிருக்கும், இரண்டு முனையையும் சேர்த்துத் தைத்திருப்பார்கள், தையல்கூடத் தெரியாது. தூங்கிவிட்டேனா? கண்ணைத் திறந்துகொண்டா? முப்பது கிலோமீட்டர் தூங்கிக்கொண்டு ஓட்ட முடியுமா? அல்லது தலைக்குள் ஏதாவது ஒரு சின்னக் குழாய் கொஞ்சநேரம் அடைத்து, பிறகு திறந்துகொண்டதா? அறுபத்திரண்டு வயது, பிரஷர் உண்டு, தூக்கம் இல்லை. இதே கதையோடு யாராவது அவள் முன்னால் வந்து உட்கார்ந்தால், இன்றைக்கே ஸ்கேன் எடுத்தாக வேண்டும், கூட யாரு வந்திருக்கா என்று கேட்பாள். ஸ்கேனுக்குப் போவதை விட்டுவிட்டு அவள் பேப்பர் பார்த்தாள். புதன்கிழமை பேப்பர், வியாழக்கிழமை பேப்பர், மாவட்டச் செய்திகள், ஒரு பத்தி விடாமல். ஸ்கூல் வேன் மஞ்சள்தானே. ஆட்டோவிலும் மஞ்சள் உண்டு. நிற்காமல் சென்ற கார் என்று எங்காவது வந்திருக்கிறதா? வரவில்லை. வராததால் நடக்கவில்லை என்று ஆகிவிடுமா? ரோட்டோரம் ஒரு கிழவி விழுந்துகிடந்து, எழுந்து, முழங்கையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருந்தால் எந்தப் பேப்பரில் வரும்? நாளைக்கு செல்வராணி ஆபரேஷன். செல்வராணியை நினைத்ததும் அவள் வலது கையை எடுத்து மடியில் வைத்து, இடது கையால் மூடிக்கொண்டாள். மூன்றாவது பிரசவம். முதல் இரண்டும் சிசேரியன், இரண்டும் தமயந்தியின் கைதான். இந்தத் தடவை நஞ்சுக்கொடி கீழே இறங்கிப் பழைய தையல்மேல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. திறந்தால் ரத்தம் குழாய் உடைந்ததுபோல வரும், நினைத்து முடிவதற்குள் கை வேலை செய்தாக வேண்டும். மூன்று வாரத்துக்கு முன்பே ஜூனியர் மெர்லின் சொன்னாள், மேடம் இதை மதுரைக்கு அனுப்பிரலாம் என்று. மெர்லின் பயந்தவள், அனுபவம் போதாது என்று தமயந்தி நினைத்துக்கொண்டாள். இப்படிப்பட்டதை எத்தனை பார்த்திருக்கிறேன் என்று சொன்னாள். செல்வராணியும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்கதாம்மா அறுக்கணும், வேற யாரையும் கிட்ட விடமாட்டேன்" என்றாள். அது கேட்க நன்றாகத்தான் இருந்தது. நேற்றே அட்மிட் ஆகிவிட்டாள். நாளைக் காலை எட்டு மணி. அந்த எட்டு மணியில் டோல்கேட்டுக்கும் போர்டிகோவுக்கும் நடுவில் விழுந்ததுபோல ஒரு பள்ளம் விழுந்தால்? கத்தி கையில் இருக்கும்போது? இந்த இடத்துக்கு வந்ததும் நினைப்பு முள்ளில் மாட்டிய சேலைபோல நின்றுவிடும், இழுத்தால் கிழியும், மெல்லத் திரும்பி டோல்கேட்டுக்கே போய்விடும். கம்பம் தூக்கியது. கோழி லாரி. அந்த நாற்றம்.

"மேடம், ஒரு நிமிஷம் உள்ள வர்றீங்களா?" ரிஸ்வான் பக்கத்தில் வந்து நின்றிருந்தான். எப்போது வந்தான் என்று தெரியவில்லை. அவன் குரலைக் கேட்டதுமே அவளுக்குப் புரிந்துவிட்டது, கெட்ட செய்தியை எல்லார் முன்னாலும் சொல்லக்கூடாது என்று தனியறைக்குக் கூப்பிடுகிற குரல், ஆஸ்பத்திரியில் அவளே பேசுகிற குரல். சின்ன அறை, மேஜைமேல் கம்ப்யூட்டர். அவன் நாற்காலியை இழுத்துப்போட்டான், தான் உட்காரவில்லை. "இன்சூரன்ஸ் ஃபார்ம்ல தேதி, நேரம் போடணும் மேடம். கண்ணாடிக்குப் பின்னாடி ஒரு கேமரா இருக்குல்ல, வண்டி எங்கயாவது இடிச்சா அதுவா ஒரு துண்டைச் சேவ் பண்ணி வச்சுக்கும். தேதி பார்க்கத்தான் திறந்தேன்." நிறுத்தினான். "பார்க்கிங் இல்ல மேடம்." கேமரா வண்டியோடு வந்தது. வாங்கும்போது ஏதோ சொன்னார்கள், தலையாட்டியிருப்பாள். "யாருக்கும் ஒண்ணும் ஆகல" என்று அவன் அவசரமாகச் சொன்னான். அந்த ஒரு வார்த்தைக்கு அவள் ஐந்து நாளாகக் காத்திருந்திருக்கிறாள், ஆனால் காதில் விழுந்தபோது நிம்மதி வரவில்லை. "போடுப்பா" என்றாள். திரையில் ரோடு. செவ்வாய்க்கிழமை, மணி நாலு பத்து. வலது பக்கத்திலிருந்து வெயில். வெள்ளைக் கோடு மெல்ல மெல்ல வண்டிக்கு அடியில் நழுவிக்கொண்டிருந்தது. யாரோ பேசுகிறார்கள், ரேடியோ என்று நினைத்தாள். ரேடியோ இல்லை. "நல்லா முக்கு... இன்னும் கொஞ்சம்... தலை தெரியுதும்மா, விட்டுறாத, மூச்சைப் பிடிச்சுக்க, விட்டுறாத..." அவள் குரல். பதற்றமே இல்லாத, பிரசவ அறையில் மட்டும் வருகிற, கொஞ்சம் பாட்டுப்போன்ற அவள் குரல், காலியான வண்டிக்குள் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தது. காரியாபட்டி பக்கம்போல் இருந்தது. தூரத்தில் ரோட்டின் குறுக்கே போலீஸ் தடுப்பு, மஞ்சள் பெயிண்ட் அடித்தது. அதன் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் காக்கிச் சட்டை போட்ட ஊர்க்காவல் படைக்காரர். எழுந்தார். தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு வேப்பமர நிழலைப் பார்த்து நடந்தார், அவசரமே இல்லாமல். தடுப்பு பெரிதாகிக்கொண்டே வந்தது. "இதோ வந்திருச்சு, வந்திருச்சு" என்றது குரல். படம் குலுங்கிற்று, வண்டி தானாக பிரேக் பிடித்திருக்கிறது, ஆனாலும் போய் மோதியது. தடுப்பு சாய்ந்தது. நாற்காலி நான்கு காலும் மேலே தெரியக் கவிழ்ந்து கிடந்தது. அவர் அதிலிருந்து எழுந்து, எண்ணிப் பார்த்தால் மூன்று விநாடி. அவருக்குத் தாகம் எடுக்காமல் இருந்திருந்தால்.

முடிந்துவிட்டது என்று நினைத்தாள். முடியவில்லை. அந்த மனிதர் ஓடிவந்து ஜன்னலைத் தட்டினார். கண்ணாடி இறங்குகிற சத்தம். "டாக்டரம்மாவா? என்னம்மா, உடம்புக்கு முடியலையா?" "ஒண்ணுமில்ல. கேஸ் இருக்கு, போகணும்." தெளிவான, கறாரான பதில். தமயந்தி அந்தக் குரலைத்தான் அதிகப் பயத்தோடு கேட்டாள். முதலில் பேசியது கனவில் பேசியது, இது விழித்துக்கொண்டு பேசியது, ஆனால் பேசியவள் யார்? அந்த மனிதரின் முகம் அவள் முகத்துக்கு ஒரு முழ தூரத்தில் இருந்திருக்கிறது, அவர் முகம் இவளுக்கு ஞாபகமில்லை. "சரிங்கம்மா, பாத்துப் போங்க" என்றார். தனியாளாகத் தடுப்பைத் தூக்கி நிறுத்தினார். முதுகெல்லாம் வியர்வை. வழிவிட்டு ஒதுங்கி நின்றார், சல்யூட் மாதிரி கையைக்கூட ஏதோ செய்தார். வண்டி நகர்ந்தது. ரிஸ்வான் திரையைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். "அந்த அலாரம் சத்தத்தை நான்தான் மேடம் ஆஃப் பண்ணிக் குடுத்தேன்" என்றான். "நான் சொல்லித்தானப்பா பண்ணின." "மறுபடி போட்டுவிட்டுட்டேன்." "சரி." அப்புறம் அவன் குரலைத் தாழ்த்தி, "ஃபார்ம்ல பார்க்கிங்னே இருக்கட்டும் மேடம். இதை அழிச்சிரவா? யாரும் பார்க்கல, நான் மட்டும்தான்" என்றான். நல்ல பையன். நல்லெண்ணத்தில்தான் சொல்கிறான். அழித்துவிடலாம், ஒரு விரல் போதும். கீறலுக்குப் பெயிண்ட் அடித்துவிடுவார்கள், நாலு மணிக்கு வண்டி கண்ணாடிபோல வந்து நிற்கும், நாளை எட்டு மணிக்கு நன்றாகத் தூங்கி எழுந்து போனால் கை சரியாக இருக்கும், தூக்கமில்லாததால் வந்ததுதானே, யாருக்குத்தான் வராது. நினைப்பு எவ்வளவு சுளுவாக அந்தப் பக்கம் வழுக்கிக்கொண்டு போகிறது. "அழிக்காத. என் போனுக்கு அனுப்பு. நரம்பு டாக்டர்கிட்ட காட்டணும். ஃபார்ம்லயும் நடந்ததை எழுது" என்றாள். சொல்லி முடித்ததும் பெரிதாக எதுவும் தோன்றவில்லை, தூக்கம்தான் வந்தது.

லவுஞ்சுக்குத் திரும்பி மெர்லினைப் போனில் கூப்பிட்டாள். "செல்வராணியை மதுரைக்கு அனுப்பிரு. பெரியாஸ்பத்திரிக்கு. இப்பவே ஆம்புலன்ஸ் சொல்லு, நீயும் கூட வா." "ப்ளட்டுக்காகவா மேடம்?" என்றாள் மெர்லின். எத்தனை நல்ல காரணம். மதுரையில் ரத்தம் கிடைக்கும், ஆள் பலம் உண்டு, எல்லாம் உண்மை, மூன்று வாரத்துக்கு முன்பே உண்மை. ஆமாம் என்று சொல்லிவிட்டால் போதும், விவேகம் என்றுகூடப் பேர் கிடைக்கும். "ஆமா" என்றாள். மெர்லின் சரி மேடம் என்று வைக்கப்போன நேரத்தில், "இல்ல, இரு. நீ அன்னிக்கே சொன்ன, நான்தான் கேக்கல. அது ஒண்ணு. இன்னொண்ணு, எனக்கு உடம்பு சரியில்ல. செவ்வாய்க்கிழமை வண்டியைக் கொண்டுபோய் இடிச்சிருக்கேன், எனக்கு ஞாபகமே இல்ல. காரணம் தெரியிற வரைக்கும் நான் தியேட்டருக்குள்ள வரமாட்டேன். மத்தவங்ககிட்ட நானே சொல்லிக்கிறேன்" என்றாள். மெர்லின் அழுகிறாளா என்ன, மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "செல்வராணிகிட்ட போனைக் குடு." போன் கைமாறியது. விஷயத்தைச் சொன்னதும் செல்வராணிக்குக் கோபம்தான் வந்தது. "ரெண்டு தடவையும் உங்க கைதான, இப்ப வந்து அனுப்புறேங்கறீங்க? அங்க எனக்கு யாரைத் தெரியும்?" "என் கையை நானே நம்ப முடியலம்மா இப்ப." "எனக்கு நம்பிக்கை இருக்கு." "உனக்கு இருக்கும்மா. எனக்கு இல்ல." பெரிதாக மூச்சு வாங்கினாள் செல்வராணி. பின்னால் அவள் மாமியார் ஏதோ கேட்க, சும்மா இரு அத்தை என்று அதட்டினாள். "நீங்க வருவீங்களா அங்க?" "நான் மதுரையிலதான் இருக்கேன். நீ வந்து இறங்கும்போது வாசல்ல நிப்பேன். யாரு பண்றாங்களோ அவங்ககிட்ட உன் முதல் ரெண்டு ஆபரேஷனையும் நானே சொல்றேன்." "உள்ள வரைக்கும்?" "விட்டா உள்ள வரைக்கும். கத்தியைத் தொடமாட்டேன், உன் தலைமாட்டுல நிப்பேன்." "சரி" என்றாள் செல்வராணி, மன்னிக்காத குரலில். அந்தக் குரல் பரவாயில்லை என்று இருந்தது தமயந்திக்கு. கொஞ்சநாளாக எல்லாரும் அவளிடம் மரியாதையாகவே பேசிக்கொண்டிருந்தார்கள்.

அப்புறம் வீட்டுக்குப் போன் போட்டாள். நான்கு தடவை மணி அடித்தபிறகுதான் எடுத்தார், செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்திருப்பார். "என்னங்க, ஒரு விஷயம்" என்று ஆரம்பித்து, டோல்கேட்டிலிருந்து நாற்காலி வரை எல்லாவற்றையும் சொன்னாள், ஒரு நோயாளியின் கதையைச் சொல்வதுபோல வரிசையாக. நமச்சிவாயம் குறுக்கே பேசவில்லை. முடிந்ததும், "தெரியும்" என்றார். "என்ன தெரியும்?" "இடிச்சது தெரியாது. ஆனா நீ சரியில்லங்கறது தெரியும். தம்பி பேத்திக்கு நிச்சயம்னு உன்கிட்ட மூணு நாள் சொன்னேன் தமயந்தி. மூணு நாளும் அப்பத்தான் கேக்கிற மாதிரி, அப்படியா, மாப்பிள்ளை எந்த ஊருன்னு கேட்ட." ஏசி சத்தம் அவளுக்குத் திடீரென்று பெரிதாகக் கேட்டது. நிச்சயமா? யாருக்கு? தேடிப் பார்த்தாள், எதுவும் இல்லை. கோபம் வந்தது, அதைத் தூக்கிப் பிடிக்கத் தெம்பில்லை. "அப்பவே ஏன் சொல்லல?" குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் வந்தது, பிறகு அதுவும் நின்றது, அடைத்துவிட்டார் போலிருக்கிறது. "சொன்னா நீ ஆஸ்பத்திரியிலயே படுத்துக்குவ. தூங்கத்தான் வீட்டுக்கு வர்ற, அதுவும் நின்னு போயிரும்னு பயந்துட்டேன்" என்றார். இவ்வளவு நாள் அந்த மனிதர் வாசல் லைட்டைப் போட்டுவிட்டு, வண்டிச் சத்தத்துக்காகக் காத்திருந்திருக்கிறார், பயந்துகொண்டு. அவளும் பயந்துகொண்டுதான் வந்திருக்கிறாள். ஒரே வீட்டில் இரண்டு பேர். "மதுரைக்கு வாங்க" என்றாள். "பெரியாஸ்பத்திரி வாசலுக்கு. செல்வராணியைச் சேர்த்துட்டு, நாளைக்கு எனக்கு ஸ்கேன் எடுக்கணும். கூட ஆள் கேப்பாங்க." "வர்றேன். பஸ்லதான் வரணும்." "பஸ்லயே வாங்க. ஜன்னல் பக்கமா உக்காருங்க, வெயில் இல்லாத பக்கமா." போனை வைத்துவிட்டு எழுந்தாள். ரிஸ்வான் ஓடிவந்தான். வண்டி நாலு மணிக்குத் தயாராகிவிடும், அவசரமென்றால் சீக்கிரமே முடித்துத் தரச் சொல்கிறேன் என்றான். "அவசரமில்லப்பா. எப்ப வந்து எடுப்பேன்னு சொல்ல முடியாது, இங்கேயே நிக்கட்டும்" என்றாள் தமயந்தி. "எனக்கு ஒரு ஆட்டோ மட்டும் கூப்பிட்டுக் குடு."